இணையத்தில் பழங்காசு, பழம்பொருள் ஏலம் கேட்கும் முன்: முழுமையான வழிகாட்டி

இணைய ஏலத்தில் ஒரு பொருளை எடுப்பதற்குப் பெரிய திறமை வேண்டாம். பதிவு செய்து, பணம் வைத்துக்கொண்டு, மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகக் கேட்டால் போதும். எதைத் தொடவே கூடாது, எந்தத் தொகையில் கையை எடுக்க வேண்டும் என்ற இரண்டும்தான் கடினம். இந்த இரண்டுக்கும் ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது விடை தேட முடியாது. திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருக்கும், நேரம் குறைந்துகொண்டிருக்கும். அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஆசை எடுக்கும் முடிவாகத்தான் இருக்கும். அதனால் வேலை முழுவதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் காசுகளைப் பற்றியது. இந்தியாவில் இணைய ஏலத்துக்கு அதிகம் வரும் பழம்பொருள் காசுதான்; புதியவர்கள் கற்றுக்கொள்ளவும் அதுவே ஏற்றது. பித்தளைப் பாத்திரம், தஞ்சாவூர் ஓவியம், சிலை என்று போகிறவர்களுக்குத் தேவையானதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சிறு வட்டத்தை முதலில் தேர்ந்தெடுங்கள்

ஒரு பெரிய ஏலப் பட்டியலில் குஷாணர் காசு முதல் சுதந்திர இந்தியாவின் நோட்டு வரை நூற்றுக்கணக்கான லாட்கள் (ஒரே எண்ணில் ஏலத்துக்கு விடும் ஒரு பொருள் அல்லது ஒரு தொகுதி) இருக்கும். எல்லாவற்றையும் பார்த்து, பிடித்ததைக் கேட்பது என்று போனால், ஒவ்வொரு லாட்டிலும் உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரோடு மோதுவீர்கள். ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதில் நன்றாகத் தேறுங்கள்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த வகைகளே போதுமான அளவு உண்டு. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயரும் கொண்ட சோழர் செப்புக்காசு, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்தவை, நாகப்பட்டினம், பழவேற்காடு டச்சுக் காசுகள், ‘புதுச்சேரி’ என்று தமிழில் பொறித்த பிரெஞ்சுக் காசு, கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் கோபுரமும் பெருமாளும் பொறித்து அடித்த வெள்ளி அரை, கால் வராகன்கள் என்று பட்டியல் நீளும்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது புதுக்கோட்டை அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. இயந்திரத்தில் அடித்த சிறு செப்புக்காசு என்பதால் ஏராளமாகக் கிடைக்கிறது, விலையும் தாங்கும். நல்ல நிலைக்கும் தேய்ந்த நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகம் செலவில்லாமல் அதில் பழகலாம்.

சங்ககாலக் காசுகளைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் பெருவழுதி பெயர் பொறித்த பாண்டியர் காசை வாசித்து வெளியிட்ட பிறகு இந்தத் துறைக்குப் பெரிய மதிப்பு வந்தது. மதிப்பு வந்த இடத்தில் போலியும் வந்தது. தேய்ந்த காசில் எழுத்தையும் மீனையும் வில்லையும் புதிதாகச் செதுக்கி ‘அரிய வகை’ ஆக்குகிறார்கள். படத்தை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

இதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டா?

விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது இது. பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத காசு, சிற்பம், ஓவியம், கல்வெட்டு போன்றவை தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு அனுமதியே இல்லை. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மும்பையிலோ பெங்களூருவிலோ நடக்கும் ஏலத்தில் இணையம் வழியாக ஒரு சோழர் காசை நீங்கள் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் வீட்டுக்கு வராது. இந்தியாவில் உள்ள ஒரு முகவரியிலேயே இருக்க வேண்டும். ‘சும்மா கவரில் போட்டு அனுப்பிவிடுகிறேன்’ என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். 100 ஆண்டு என்ற கோடு ஆண்டுதோறும் நகர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் இன்று தொல்பொருள். 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. பழையது போலத் தோன்றி 100 ஆண்டு ஆகாத பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல, அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும் வழி இருக்கிறது.

கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த பழைய சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் கொண்ட சுவடிகள் ஆகியவற்றைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். கை மாறும்போதும் தெரிவிக்க வேண்டும். இந்த வகையில் ஏதாவது ஏலத்தில் கண்ணில் பட்டால், பதிவுச் சான்றின் நகலை முதலில் கேளுங்கள். ‘எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால் அந்த லாட் உங்களுக்கானதில்லை.

யானைத் தந்தம், புலிநகம் வைத்த தங்கப் பதக்கம், ஆமை ஓட்டுச் சீப்பு, பாடம் செய்த விலங்குத் தலை இவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. பாட்டி காலத்துப் பொருள் என்பது வாங்குவதற்கும் விற்பதற்கும் அனுமதி ஆகாது. தந்தக் கைப்பிடி கொண்ட பழைய கத்தி, தந்தக் குமிழ் வைத்த நகைப்பெட்டி போன்றவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

எங்கிருந்து வந்தது?

பொருள் உண்மையானதாகவே இருக்கலாம், திருடப்பட்டதாகவும் இருக்கலாம். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு சோழர் கால நடராஜரை வாங்கியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்டவர் அவர். கோயிலில் இருந்தபோது எடுத்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வைத்திருந்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். விற்ற கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. வல்லுநர்களும் வழக்கறிஞர்களும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கே இப்படி என்றால், வீட்டிலிருந்து கைபேசியில் ஏலம் கேட்கும் ஒருவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பொருளின் கைமாறிய வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரி வரலாறு ஆகாது. எந்த ஆண்டு, எந்த ஏலத்தில் அல்லது எந்தக் கடையில் வாங்கியது, ரசீது இருக்கிறதா, பழைய பட்டியலில் படம் வந்திருக்கிறதா என்று கேட்கலாம். நல்ல நிறுவனங்கள் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை. வெளிநாட்டு ஏலத்தில் தென்னிந்தியச் செப்புச் சிலை வந்து, அதன் வரலாறு 1970களுக்குப் பிறகே தொடங்குகிறது என்றால், கையை வைக்காதீர்கள்.

பித்தளை, வெண்கலப் பொருட்களில் எழுத்துகளைத் தேடிப் படியுங்கள். அண்டா, குடம், செம்பில் ஒரு பெயரோ தலைப்பெழுத்தோ இருந்தால் அது சீர்வரிசையாக வந்த வீட்டுப் பாத்திரம். அதில் சிக்கல் இல்லை. விளக்கிலோ மணியிலோ தூபக்காலிலோ ‘உபயம்’ என்ற சொல்லும் சுவாமி பெயரும் இருந்தால் அது கோயிலுக்குக் கொடுத்தது. எப்படி வெளியே வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாமல் அதைக் கேட்கக் கூடாது. தமிழ் படிக்கத் தெரியாத விற்பனையாளர்கள் அந்த எழுத்தையே அழகு வேலைப்பாடு என்று விவரித்து விற்பதும் உண்டு. நம்மால் படிக்க முடியும், அதனால் நமக்குப் பொறுப்பும் அதிகம்.

காசுகளுக்கும் இது பொருந்தும். மண்ணுக்குள் இருந்து கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் சட்டம். ‘போன மாதம் வயலில் கிடைத்தது, மண் ஒட்டியபடியே இருக்கிறது’ என்று பெருமையாக எழுதியிருந்தால், அது விலகிப் போக வேண்டிய லாட்.

விதிமுறைப் பக்கத்தை முழுவதும் படியுங்கள்

யாரும் படிக்காத பக்கம் இது. ஆனால் நீங்கள் பிட் போடும் (விலை கேட்கும்) நொடியில் ஒப்புக்கொள்வது இதைத்தான். கீழ்க்கண்டவற்றைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல் நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமான பிரீமியம் எத்தனை சதவீதம்; ஜிஎஸ்டி முழுத் தொகைக்கா, பிரீமியத்துக்கு மட்டுமா; எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும்; போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், அதற்கு யாருடைய கருத்தை ஏற்பார்கள்; அனுப்பும் செலவும் காப்பீடும் யாருடையது.

மொத்த லாட்டுக்கும் தனி லாட்டுக்கும் விதி வேறாக இருக்கும். ‘25 செப்புக்காசுகள், இருக்கும் நிலையில்’ என்று வந்தால் திருப்பித் தர முடியாது என்றுதான் பொருள். அதில் இரண்டு போலி இருந்தாலும் உங்களுடையதே. காசைச் சோதித்து அதன் நிலைக்குச் சான்று தரும் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் மூடி வரும் காசுகளுக்கும் பல இடங்களில் திருப்பும் வசதி கிடையாது.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலங்களில் இப்படி ஒரு விதிமுறைப் பக்கமே இருக்காது. அங்கே நல்ல சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நல்ல பொருளும் வருகிறது. ஆனால் பாதுகாப்பு என்பது விற்பவரின் நாணயத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. குழுவில் சில மாதம் பேசாமல் பார்த்துவிட்டு, பழைய உறுப்பினர்களிடம் தனியாக விசாரித்துவிட்டுப் பிறகு கேளுங்கள். உங்கள் பழைய நோட்டையோ காசையோ லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

படத்தில் பார்த்தே போலியைக் கண்டுபிடிப்பது

முழுவதுமாக முடியாது. ஆனால் பெரும்பாலான போலிகளை வடிகட்ட முடியும்.

எளிதானதில் தொடங்குவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டும் போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ லட்சுமியோ உள்ள பித்தளை, செப்புத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படிக் காசு அடித்ததே இல்லை. அவை பின்னாளில் செய்த கற்பனை வில்லைகள். இதே துண்டுகளைத்தான் அரிசியை ஈர்க்கும் சக்தி கொண்டது, இரிடியம் கலந்தது என்று சொல்லி ஊர் ஊராக ஏமாற்றுகிறார்கள். எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்தது ஆண்டை மாற்றும் வேலை. 1939ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி பிரிட்டிஷ் இந்திய ரூபாய் அது; 1940இலிருந்து வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. 1939 ரூபாய் புழக்கத்தில் மிகக் குறைவு என்பதால் விலை பல மடங்கு. அதனால் 1938ஆம் ஆண்டு ரூபாயில் கடைசி 8ஐச் சுரண்டி 9 ஆக்குகிறார்கள். அந்த எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். 9ஐச் சுற்றியுள்ள தளம் மற்ற இடங்களைவிடப் பளபளப்பாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா? வால் பகுதியின் தடிமன் முதல் 9உடன் ஒத்துப்போகிறதா? அந்த இடத்தின் பெரிய படத்தை விற்பனையாளரிடம் கேட்டு வாங்காமல் ஒரு 1939ஐ யாரும் கேட்கக் கூடாது. தயங்குகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

எடையும் விட்டமும் எழுதாத லாட்டைக் கேட்காதீர்கள். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் முறையான எடை 11.66 கிராம். தேய்ந்தால் சற்றுக் குறையும். தேயாமல் புதிதாகத் தெரியும் ஒரு காசு 11 கிராமுக்குக் கீழே நின்றால் கேள்வி எழ வேண்டும். இயந்திரத்தில் அடித்த காசின் விளிம்பையும் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வார்ப்பில் செய்த போலிக்கு விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு இருக்கும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் நிறையத் தெரிந்தாலும் வார்ப்பு என்று சந்தேகப்பட வேண்டும்.

சோழர் காசில் போலியைவிடப் பெயர் மயக்கமே அதிகம். சோழர் இலங்கையை ஆண்ட பிறகு, அங்கே விஜயபாகு, பராக்கிரமபாகு போன்ற அரசர்களும் அதே நிற்கும் உருவம், அமர்ந்த உருவம் வைத்தே காசு அடித்தார்கள். படம் ஒன்றுபோல் இருக்கும். நாகரியில் உள்ள பெயர்தான் வேறு. விற்பனையாளர் ‘ராஜராஜ சோழன்’ என்று தலைப்பிட்டிருந்தாலும் எழுத்தை நீங்களே படித்துப் பாருங்கள். நான்கைந்து பெயர்களின் நாகரி வடிவத்தை மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

ஒப்பிட உண்மையான காசுகளின் படங்கள் வேண்டும். நூமிஸ்டா, ஜீனோ போன்ற இணையத் தொகுப்புகளைப் பயன்படுத்துங்கள். படத்தைவிட மேலானது நேரில் பார்ப்பது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றை நின்று நிதானமாகப் பாருங்கள். காசுக் கண்காட்சிகளுக்குப் போனால் கையிலேயே எடுத்துப் பார்க்கலாம். விளிம்பைப் பிடித்து நூறு உண்மையான காசுகளைப் பார்த்த கண்ணுக்கு, படத்தில் ஒரு போலி வரும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும்.

தஞ்சாவூர் ஓவியம் கேட்பவர்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். பழைய பலகைப் படங்கள் மரப்பலகையின் மேல் துணி ஒட்டிச் செய்தவை. பின்னால் பிளைவுட் தெரிந்தால் ‘150 ஆண்டுப் பழமை’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. சட்டம் பழையது, ஓவியம் புதியது என்பதும் சாதாரணமாக நடக்கிறது.

நிலை என்னும் சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது

ஒரே காசு, ஒரே ஆண்டு. ஒன்று சில நூறு ரூபாய்க்கும் இன்னொன்று பல ஆயிரத்துக்கும் போவது நிலையால்தான். ‘ஃபைன்’, ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’, ‘அன்சர்குலேட்டட்’ என்று ஏறிக்கொண்டே போகும் படிகளைப் பட்டியலில் பார்ப்பீர்கள். ‘ஃபைன்’ என்றால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காசு உலகில் அது கணிசமாகத் தேய்ந்தது. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்கச் சான்று நிறுவனங்கள் காசின் நிலைக்கு 70 வரை எண் கொடுக்கின்றன. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கச் செப்புக்காசுகளுக்காக வகுத்த அளவுகோலில் இருந்து வந்தது அது. இந்த நிறுவனங்களின் உறைக்குள் மூடிய காசைச் ‘ஸ்லாப்’ என்கிறோம். ஸ்லாபில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் விவரமும் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உறையையே போலியாகச் செய்கிறார்கள்.

விற்பவர் எழுதிய நிலையை அப்படியே நம்பாமல், முதலில் தேயும் இடத்தைப் பாருங்கள். விக்டோரியா ரூபாயில் அரசியின் தலைமுடி, கிரீடம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் காது, மீசை, அங்கியின் வேலைப்பாடு. 1911 ரூபாயில் அங்கியில் உள்ள யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, 1912இல் துதிக்கையைத் தெளிவாகத் திருத்தினார்கள். அந்த யானையை நன்றாகக் காட்டாத படத்தை வைத்து 1911இன் நிலையைச் சொல்ல முடியாது.

நம் ஊர்க் காசுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சவரனும் வெள்ளி ரூபாயும் இங்கே காசுமாலையிலும் பதக்கத்திலும் போயிருக்கின்றன. காது பற்றவைத்து, பிறகு எடுத்து, ராவிச் சரிசெய்து ஏலத்துக்கு வரும். தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள்: பற்கள் மழுங்கியிருந்தாலோ, அந்த இடம் மட்டும் நிறம் மாறியிருந்தாலோ, அது நகையாக இருந்த காசு. உலோக மதிப்பு குறையாது, சேகரிப்பு மதிப்பு பெரிதும் குறையும். புளியோ சபீனாவோ போட்டுத் தேய்த்த காசும் அப்படித்தான். பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் தேய்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

எஸ்டிமேட் என்று பட்டியலில் போட்டிருப்பது நிறுவனத்தின் கணிப்பு. ஆட்களை ஈர்க்க அதைக் குறைவாகவே வைப்பதும் உண்டு. உங்களுக்குத் தேவை ஏற்கனவே நடந்த விற்பனையின் விலை. இந்திய ஏல நிறுவனங்கள் பலவற்றின் தளத்தில் பழைய முடிவுகள் இருக்கின்றன. உலக அளவில் ஏசிசர்ச் போன்ற தொகுப்புகள் உள்ளன. அதே வகை, அதே நிலை, கடந்த மூன்று நான்கு ஆண்டுகள் என்று தேடி, கிடைத்தவற்றை எழுதுங்கள். மிக அதிகமாகப் போன ஒன்று இருவர் முட்டிக்கொண்டதால் வந்த விலையாக இருக்கலாம், அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த விலைகளில் பிரீமியம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிறிஸ்டீஸ், சோதபீஸ் நிறுவனங்கள் வெளியிடும் முடிவு விலையில் பிரீமியம் சேர்ந்திருக்கும். அவர்களின் எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்காது. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் எல்லாம் எஸ்டிமேட்டைத் தாண்டிப் போனது போலத் தெரியும்.

இப்போது கணக்கு. ஒரு காசுக்கு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்கிறீர்கள். பிரீமியம் 15 சதவீதம், ஜிஎஸ்டி மொத்தத்தின் மேல் 5 சதவீதம், அனுப்பும் செலவு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25,000இல் 300ஐக் கழித்தால் 24,700. அதை 1.15ஆலும் 1.05ஆலும் வகுத்தால் ஏறத்தாழ 20,455. ஆக, நீங்கள் ஏலத்தில் கேட்கக்கூடிய அதிகபட்சம் 20,000 சொச்சம்தான். 25,000 வரை கேட்டுவிட்டால் கையை விட்டுப் போவது 30,487 ரூபாய். இந்த ஐயாயிரத்துச் சொச்சம்தான் புதியவர்கள் பில்லைப் பார்த்து அதிரும் இடம்.

வெளிநாட்டு ஏலம் என்றால் பட்டியல் இன்னும் நீளும். பிரிட்டனில் பிரீமியம் 20 முதல் 30 சதவீதம், அதன்மேல் வாட் வரி, இணையத் தளத்துக்குத் தனியாக 3 முதல் 5 சதவீதம் என்பதெல்லாம் வழக்கம். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே கேட்க முடிந்தால் அந்தத் தளக் கட்டணம் பல நேரம் மிச்சம். பிறகு கூரியர், காப்பீடு, நாணய மாற்றுச் செலவு, இங்கே வந்து சேரும்போது சுங்கம். கூரியர் நிறுவனம் உங்கள் அடையாள ஆவணங்களும் பில்லும் கேட்கும். விலையைக் குறைத்துப் பில் போடச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். அது சட்டமீறல், காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

கிடைத்த எண்ணை எழுதி வையுங்கள். ஒரே ஏலத்தில் ஐந்து லாட் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஐந்தும் உங்களுக்கே விழுந்தால் (கிடைத்துவிட்டால்) கட்ட முடியுமா என்றும் கூட்டிப் பாருங்கள். சில நாள் அப்படியும் விழும். என்னைக் கேட்டால், ஐந்து சுமாரான காசுக்கான பணத்தை ஒரு நல்ல காசில் போடுவதே மேல். பின்னால் விற்க நேர்ந்தாலும் நல்ல நிலையில் உள்ளதற்குத்தான் ஆள் வரும்.

பதிவும் ஏல நாளும்

ஏலத்தன்று காலையில் பதிவு செய்ய முடியாது. அடையாள ஆவணம், பான் எண், சில இடங்களில் முன்பணம் கேட்பார்கள். புதியவர்களுக்கு இவ்வளவு ரூபாய் வரைதான் கேட்கலாம் என்று வரம்பும் வைப்பார்கள். ஒரு வாரம் முன்னரே முடித்துவிடுங்கள். ஏலத்துக்கு முன் பொருளை நேரில் பார்க்கும் நாட்கள் இருக்கும். அதே ஊரில் இருந்தால் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் அந்த ஊரில் உள்ள நம்பிக்கையான சேகரிப்பாளரிடம் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

இணைய ஏலம் இரண்டு வகை. அரங்கில் நடக்கும் ஏலத்தில் நேரலையாகக் கேட்பது ஒன்று. குறித்த நேரத்தில் ஒவ்வொரு லாட்டாக மூடும் ஏலம் மற்றொன்று. இரண்டிலும் உங்கள் உச்ச விலையை முன்பே கொடுத்து வைக்கும் வசதி உண்டு. 12,000 என்று கொடுத்து வைத்திருக்கிறீர்கள், எதிராளி 8,000இல் நின்றுவிட்டார், ஏற்றப்படி 500 என்றால் உங்களுக்கு 8,500இல் விழும். 12,000ஐ மற்றவர்கள் பார்க்க முடியாது. பொறுப்பான நிறுவனம் என்றால் இந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆசை தலைக்கேறும் நிமிடத்தில் நீங்கள் திரைக்கு முன்னால் இல்லாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. இருவர் ஒரே உச்ச விலை கொடுத்திருந்தால் முதலில் கொடுத்தவருக்கே விழும் என்பது பொதுவான விதி. அதனால் முடிவு செய்துவிட்டால் தாமதிக்க வேண்டாம். பலரும் 10,000, 20,000 என்று முழு எண்ணில் நிற்பார்கள். உங்கள் கணக்கு இடம் கொடுத்தால் ஒரு படி மேலே வையுங்கள்.

கடைசி நொடியில் புகுந்து கேட்கும் உத்தி ஈபே போன்ற தளங்களில் பலிக்கும். காசு ஏல நிறுவனங்களின் தளங்களில் பெரும்பாலும் பலிக்காது. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்படி வைத்திருப்பார்கள்.

நேரலையில் கேட்கிறீர்கள் என்றால் இணைய இணைப்புக்கு ஒரு மாற்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டாத சில லாட்களை முதலில் பார்த்து ஏலக்காரரின் வேகத்துக்குப் பழகுங்கள். எழுதி வைத்த எண்ணைத் தொட்டதும் அந்த லாட்டின் பக்கத்தை மூடிவிடுங்கள். போட்ட பிட்டைத் திரும்பப் பெற முடியாது.

விழுந்த பிறகு

பில் வந்ததும் லாட் எண்ணையும் கணக்கையும் சரிபார்த்து, வங்கி வழியாகக் கட்டுங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், நிறுவனத்தின் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். அன்றே எடை போடுங்கள். வெள்ளி ரூபாய் என்றால் இன்னொரு சோதனையையும் வீட்டிலேயே செய்யலாம்: நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால், 11.66 கிராம் காசு ஏறத்தாழ 1.13 கிராம் குறைந்து காட்ட வேண்டும். 91.7 சதவீத வெள்ளியின் அடர்த்தி 10.3 என்பதால் வரும் கணக்கு இது. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு தேவை. ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். எடை பெரிதும் மாறினால், திருப்பும் கெடு முடிவதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

காசைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். மென்மையான பிவிசி உறைகள் காலப்போக்கில் பச்சை படியவிடும். பிவிசி கலக்காத உறை அல்லது காசுக்கென்று விற்கும் அட்டைச் சட்டம் வாங்கிப் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டும். லாட் பக்கத்தின் படம், பில், பணம் கட்டிய சான்று, விற்பனையாளரோடு எழுதிக்கொண்ட கடிதங்கள் ஆகியவற்றை அச்செடுத்து, காசின் எண்ணைப் போட்டு ஒரு கோப்பில் சேருங்கள். உங்களுக்குப் பிறகு அந்தக் காசைக் கையில் எடுப்பவர், எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது காட்ட வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.